சுபாஸ்கரனின் கைப்பதம்

புதன்கிழமை பின்னேரம் அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் முபீன் ஒரு கறுப்புப் பொலித்தீன் பையோடு வீட்டுக்குள் வந்தான். அவன் மனைவி நபீஸா அடுத்த நாள் இடியப்பத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தாள். பையை மேசையில் வைத்தவன் கதிரையில் இருக்கவில்லை. யன்னல் வரைக்கும் போனான், திரும்பி வந்தான், மறுபடியும் யன்னலுக்குப் போனான்.

"என்ன மச்சான், ஆரும் மௌத்தா?" சாவுச் செய்தியோ என்று பயந்து கேட்டாள்.

"இல்ல புள்ள. வேலை ஒண்டு வந்திரிக்கி."

நபீஸா அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு எழும்பினாள். அந்தச் சொல்லுக்காக இரண்டு வருசமாக அவள் ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்தியிருக்கிறாள். முபீன் முன்பு அறுகம்பேயில் ஒரு விடுதியின் குசினியில் வேலை செய்தவன். அந்த விடுதியைச் சுனாமி அத்திவாரத்தை மட்டும் விட்டுவிட்டு வழித்துக்கொண்டு போனது. பிறகு சாய்ந்தமருதில் வீட்டுத்திட்டங்கள் எழும்பிய காலத்தில் மேசன்மாருக்குச் சாந்து குழைத்தான். வீடுகளும் முடிந்தன, கட்டிக்கொடுத்த நிறுவனங்களும் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன. அப்படிக் கிடைத்த இரண்டறை வீட்டில்தான் இப்போது இருக்கிறார்கள். விடியப்புறம் நபீஸா அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற இடியப்பத்தில்தான் நாலு பேரின் சீவியம் ஓடியது.

"பொத்துவில் முகைதீன்பாவா ஹாஜியார் அறுகம்பேயில ஹோட்டல் திறக்கப் போறார். ஒரு ஒல்லாந்துக்காரரும் கூட்டாம். சண்டை முடிஞ்சி பத்து மாசம் ஆகுதெல்லோ, இந்த ஏப்ரலுக்கு வெள்ளைக்காரன் நிறைய வருவான் எண்டு சொல்றார். குசினிக்கு ஆள் தேடுறாங்க."

"அல்ஹம்துலில்லாஹ். மறுகா என்னத்துக்கு இப்பிடி நடக்கிறீங்க?"

"இண்டைக்கு ரெண்டு பேரும் மட்டக்களப்பால திரும்பி வாறாங்க. ஏழு மணிக்கு இஞ்ச இறங்குவாங்க. அரை மணித்தியாலம்தான் நிப்பாங்க. அதுக்குள்ள நான் அவங்களுக்கு ஸ்டேக் செஞ்சி காட்டணும். சரியா இருந்தா வேலை."

ஸ்டேக் என்றால் என்ன என்று நபீஸாவுக்குத் தெரியும். இறைச்சியைத் துண்டு துண்டாய் வெட்டாமல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரே கட்டியாய்ப் பொரித்து வெள்ளைக்காரருக்கு வைப்பது. கல்யாணம் முடித்த புதிதில் முபீன் அதைப்பற்றிச் சொல்லியிருக்கிறான். ஒரு மணித்தியாலம் வேகவைக்காமல் மாட்டிறைச்சியை எப்படித் தின்பது என்று அவள் அப்போது சிரித்தாள்.

"செஞ்சி காட்டுங்களன். ஒங்களுக்குப் பழக்கந்தானே."

முபீன் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"செய்யிறதப் பார்த்திரிக்கன்," என்றான்.

அப்புறம்தான் மெல்ல மெல்லச் சொன்னான். அந்த விடுதியில் நாலு வருசமும் அவன் வெங்காயம் உரித்தான், கிழங்கு சீவினான், கோப்பை கழுவினான், காலையில் பாண் வாட்டினான். ஸ்டேக் போட்டது காரைதீவுச் சுபாஸ்கரன். பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சியை நாக்கில் வைத்தே அறியாத மனிதன் அவன். அவன் போட்ட ஸ்டேக்கைத் தின்றுவிட்டு வெள்ளைக்காரர்கள் குசினிக்குள் வந்து கை கொடுத்துவிட்டுப் போவார்கள். ஹாஜியார் போன கிழமை கல்முனையில் முபீனைக் கண்டு, 'அந்த ஹோட்டல்ல ஸ்டேக் போட்ட ஆள் நீதானே' என்று கேட்டிருக்கிறார்.

"என்ட வாய் ஓம் எண்டு போட்டுது புள்ள. நான் சொல்லல்ல, வாய்தான் சொன்னது."

நபீஸா சட்டியைப் பார்த்தாள். மா ஒரு பக்கம் கருகத் தொடங்கியிருந்தது. இறக்கி வைத்தாள். அவனை ஏச வேண்டும்போல இருந்தது. ஆனால் மூன்று மணித்தியாலம்தான் இருந்தது. ஏசுவதற்குப் பிறகு எவ்வளவோ நேரம் கிடக்கிறது.

"இறைச்சி எங்க?"

பைக்குள் நாலு துண்டு இருந்தது. மாட்டின் முதுகெலும்புக்கு உள்பக்கம் ஒட்டிக்கிடக்கிற மெதுவான இறைச்சி. கல்முனைச் சந்தையில் காலையிலேயே சொல்லிவைத்து வாங்கினானாம். அந்தளவுக்காவது அறிவு இருந்ததே என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைகள் இரண்டையும் பக்கத்துத் தெருவில் இருக்கிற தங்கச்சி ஹாஜறாவின் வீட்டுக்கு அனுப்பினாள்.

அஸர் தொழுத கையோடு ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தார்கள். கேஸ் அடுப்பில் தகரத் தாச்சியை வைத்து, எண்ணெய் விட்டு, முபீன் இறைச்சியை வைத்தான். புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்து உடனே அடங்கிப்போனது. தாச்சி முழுக்கத் தண்ணி ஊறி இறைச்சி அதற்குள் அவிந்தது. அவன் புரட்டினான், திரும்பவும் புரட்டினான், கரண்டியால் அமத்தினான். பத்து நிமிசத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று கிடந்தது. கத்தியால் வெட்டியபோது வெளிப்பக்கம் செருப்புத்தோல்போல இழுபட்டது, நடுவில் பச்சையாய்ச் சிவந்திருந்தது.

"இதுக்குள்ள ரெத்தமெல்லோ கிடக்கு," என்றாள் நபீஸா. "இதத் திங்கலாமா?"

"அறுக்கக்குள்ளேயே ஓடுற ரெத்தம் போயிரும். இது இறைச்சித் தண்ணி. ஹறாம் இல்லயாம், அப்பவே மௌலவி ஒருத்தர்ட்டக் கேட்டிரிக்கன்." அதைச் சொன்ன முபீனும் அந்தத் துண்டை வாயில் வைக்கவில்லை. "மூணு துண்டுதான் இரிக்கி. இனிச் சோதிச்சிப் பார்க்க ஏலாது."

நபீஸா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள்.

"எங்க போறாய்?"

"காரைதீவுக்கு. தக்சாயினியக் கேப்பம்."

முபீனின் முகம் மாறிப்போனது. "வேணாம் புள்ள. அவட மூஞ்சில எப்பிடி முழிக்கிற?"

தக்சாயினி சுபாஸ்கரனின் மனைவி. 2007ஆம் ஆண்டு தை மாதம் ஒரு காலை, கல்முனைக்குப் போய்வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போன சுபாஸ்கரன் திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் ஒரு மதகுக்குப் பக்கத்தில் சாத்திக் கிடந்தது. யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதல் ஒரு வருசம் முபீன் அடிக்கடி போய்ப் பார்த்தான். பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் போவதை விட்டுவிட்டான்.

"அவட புருசன்ட வேலையத்தான் நான் எடுக்கப் போறன். அதுக்கு அவட்டயே போய்ப் பதம் கேக்கிறதா?"

"அதுதான் நானும் யோசிக்கிறன்," என்றாள் நபீஸா. "வேற ஆரத் தெரியும் ஒங்களுக்கு? சொல்லுங்க, அங்க போறன்."

முபீன் யன்னல் பக்கம் திரும்பினான்.

ஓட்டோ காரைதீவு எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது நேரம் ஐந்து இருபது. முன்பென்றால் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். இப்போது கையை மட்டும் அசைத்தார்கள். வழி நெடுக நபீஸா ஒரு பொய்யைத் தயார்செய்தாள். ஊரிலிருந்து விருந்தாளி வருகிறார், ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்று சொல்லலாம். வேலையைப் பற்றிப் பேச்செடுக்கவே தேவையில்லை. இரண்டு மூன்று தரம் அதை வாய்க்குள் சொல்லியும் பார்த்தாள்.

தக்சாயினி முன் விறாந்தையில் தையல் மெசினில் பள்ளிச் சட்டைகளுக்குக் கொலர் தைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருந்தது. நபீஸாவைக் கண்டதும் எழும்பினாள்.

"நபீஸா அக்கா, என்ன இந்த நேரத்தில? வாங்க, இருங்க."

இருந்ததும் நபீஸாவுக்கு அந்தப் பொய் வரவில்லை. மேசை விளிம்பில் ஒரு கோவைக் கட்டு இருந்தது. மேலே சுபாஸ்கரனின் படம் ஒட்டிய விண்ணப்பம். தேடிப்போகிற ஒவ்வொரு இடத்துக்கும் தக்சாயினி கொண்டுபோகிற கட்டு அது. அதைப் பார்த்துக்கொண்டே நபீஸா எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஜியார், ஒல்லாந்துக்காரர், ஏழு மணி, முபீனின் வாய் சொன்ன ஓம், சாம்பல் நிற இறைச்சி, எதையும் விடவில்லை.

தக்சாயினி கேட்டுக்கொண்டே மெசினின் சக்கரத்தில் கையை வைத்திருந்தாள். நபீஸா சொல்லி முடித்த பிறகும் அப்படியே இருந்தாள்.

"அது அவர்ர வேலை அக்கா," என்றாள் கடைசியில்.

"ஓம் தங்கச்சி."

"நாளைக்கு அவர் வந்தா?"

"வந்தா இவர் திரும்பியும் வெங்காயம் உரிப்பார்," என்றாள் நபீஸா. "அதில ஒரு வெக்கமும் இல்ல."

தக்சாயினிக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, ஆனால் வரவில்லை. எழும்பி உள்ளே போனாள். நபீஸா மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்து நாற்பது. வாயால் சொல்லாமல் தன்னைப் போகச் சொல்கிறாளோ என்று நினைத்துச் செருப்பைத் தேடினாள். அப்போது தக்சாயினி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் இருந்தாள்.

"கையைத் தாங்க. இடது கை."

நபீஸாவின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடித்தாள். பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதையைத் தன் விரலால் அமத்தினாள்.

"நான் மாட்டிறைச்சியத் தொட்டதில்ல. எங்கட வீட்டுக்குள்ள அது வாறதுமில்ல. அவர் லீவில வந்தா என்ட கையைப் பிடிச்சுத்தான் காட்டுவார். தின்னாத மனுசன் எப்பிடிப் பதம் அறியிற எண்டு கேட்டா, இந்தா, இப்பிடி எண்டுவார். பாருங்க, இது மெதுவா இருக்குத்தானே? இது பச்சை. இப்ப நடுவிரலச் சேருங்க. கொஞ்சம் இறுகுது. வெள்ளைக்காரர் கேக்கிறது இதுதான். வெட்டினா உள்ளுக்கு ரோசாப்பூ நிறமா இருக்கும். சின்னவிரலச் சேருங்க. கல்லாயிட்டு. அது நல்லா வெந்தது. இறைச்சிய விரலால அமத்திப் பார்க்கோணும், இதையும் அமத்திப் பார்க்கோணும். ரெண்டும் ஒண்டா இருந்தா இறக்கிற."

நபீஸா திருப்பித் திருப்பி அமத்திப் பார்த்தாள்.

"தகரத் தாச்சி சரிவராது. கனமான இரும்பு வேணும். கேஸ் நெருப்புக் காணாது எண்டா சிரட்டை எரியுங்க. இறைச்சிய முதல்ல துணியால ஒத்தி ஈரத்த எடுங்க. வெச்சாப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்க, தொடாதீங்க. ஒருக்காத்தான் புரட்டுற. இறக்கின கையோட வெட்டப்படாது. மூடி வெச்சு அஞ்சு நிமிசம் விடோணும், இல்லாட்டி உள்ளுக்கு இருக்கிற தண்ணியெல்லாம் கோப்பையில ஓடிரும்." சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். நபீஸாவின் கையை இன்னும் விடவில்லை. "ஒரு விசயம் இருக்கு அக்கா."

"சொல்லு."

"ஆரிட்டப் பழகின எண்டு அவங்க கேட்டா அவர்ர பேரைச் சொல்லோணும். அங்க வேலை செய்தவர், இருந்தவர் எண்டு கதைக்காதீங்க. காரைதீவுச் சுபாஸ்கரன் எண்டு ஒருத்தர் இருக்கிறார் எண்டு சொல்லுங்க. எல்லாரும் இருந்தவர் எண்டே கதைக்கத் தொடங்கிட்டாங்க."

"சொல்றன்," என்றாள் நபீஸா. "அல்லாஹ் மேல சத்தியமாச் சொல்றன்."

திரும்பும் வழியில்தான் அந்தச் சத்தியத்தின் கனம் அவளுக்குப் புரிந்தது. பேரைச் சொன்னால் முபீனின் பொய் வெளிப்படும். பொய் வெளிப்பட்டால் வேலை போகும். கேட்கமாட்டார்கள், அரை மணித்தியாலத்தில் தின்றுவிட்டுப் போகிறவர்கள் இதையெல்லாமா கேட்கப் போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். இடது கையின் பெருவிரல் நடுவிரலோடு சேர்ந்தே இருந்தது, மறந்துவிடுமோ என்ற பயத்தில்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொழுத பிறகு முபீனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தக்சாயினி கேட்டதையும் சேர்த்து. முபீன் கிழங்கு அவித்து, போஞ்சியை அரிந்து வைத்திருந்தான். அவனுக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது.

"பேரைச் சொன்னா நான் பொய்யன் எண்டாயிரும்."

"நீங்க பொய்யன்தானே."

அவன் போஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கேட்டாப் பார்ப்பம்," என்றான்.

ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஆறு ஐம்பதுக்கே வந்துவிட்டார்கள். வாசலில் வாகனத்தின் கதவு அடைபடும் சத்தம் கேட்டதும் முபீன் கையிலிருந்த கரண்டியைத் தவறவிட்டான். முகைதீன்பாவா ஹாஜியார் பருத்த மனிதர், வெள்ளைத் தொப்பி, மெதுவான பேச்சு. ஒல்லாந்துக்காரர் ஹென்ட்றிக் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். வெயிலில் சிவந்த மூக்கு, மொட்டைத் தலை. அவருக்குக் கதிரை சிறிதாக இருந்தது.

"முபீன், நேரம் காணாது. பொத்துவில் றோட்டில ராவில ஆனை நிக்கும்," என்றார் ஹாஜியார். "அவருக்கு உள்ளுக்குச் சிவப்பா இருக்கோணுமாம். எனக்கு அப்பிடி வேணாம், நல்லா வேகவெச்சித் தா."

இரண்டு துண்டு, இரண்டு பதம். பிழைத்தால் மாற்றிப்போட ஒரேயொரு துண்டு.

வீட்டுக்குப் பின்னால் இடியப்பம் அவிக்கிற அடுப்பில் சிரட்டை எரிந்துகொண்டிருந்தது. மேலே நபீஸாவின் தோசைக்கல், நல்ல கனமான இரும்பு. அதிலிருந்து புகை எழும்பத் தொடங்கியது. முபீன் இறைச்சியைத் துணியால் ஒத்தினான். உப்பும் மிளகுத்தூளும் போட்டான். கல்லுக்கு மேலே இறைச்சியைப் பிடித்தவன் அதைத் திரும்பத் துணியில் வைத்தான்.

"எனக்கு ஏலாது புள்ள."

"தள்ளுங்க."

நபீஸா பிஸ்மி சொல்லி வைத்தாள். சடசடவென்று வெடித்த சத்தத்தில் அவளே ஒரு அடி பின்வாங்கினாள். புகை கண்ணைக் கரித்தது. தொட வேண்டும், நகர்த்த வேண்டும், கருகுகிறதா என்று தூக்கிப் பார்க்க வேண்டும் என்று விரலெல்லாம் பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் முபீன் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. விளிம்பில் தவிட்டு நிறம் ஏறியதும் ஒருக்காப் புரட்டினாள். மேல்பக்கம் கறுப்பும் பொன்னுமாய் வந்திருந்தது. ஒரு கரண்டி மாஜரினும் நசுக்கிய உள்ளியும் போட்டாள். வாசம் முன்வாசல் வரைக்கும் போயிருக்க வேண்டும், உள்ளே பேச்சு நின்றது.

பெருவிரலையும் நடுவிரலையும் சேர்த்துச் சதையை அமத்தினாள். வலது விரலால் இறைச்சியைத் தொட்டாள். சுட்டது. இன்னும் மெதுவாக இருந்தது. காத்திருந்தாள். திரும்பத் தொட்டாள். இப்போது ஒன்றாக இருந்தமாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. தன் கையே தன்னை ஏமாற்றுகிறதோ என்று சந்தேகம் வந்தது. பழகிய கை இல்லையே, ஒரு பின்னேரம் கடன் வாங்கிய பதம்தானே. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் தரம் அமத்தினாள்.

"எடுங்க."

முபீன் எடுத்துத் தட்டையான பீங்கான் கோப்பையில் வைத்து மூடினான். ஹாஜியாரின் துண்டைச் சின்னவிரல் பதத்துக்கு விட்டாள். அந்த ஐந்து நிமிசம் முபீன் மணிக்கூட்டைப் பார்த்த பார்வையை நபீஸா பிறகு வெகுகாலம் மறக்கவில்லை. பிள்ளை பிறக்கிற நேரம் ஆஸ்பத்திரி விறாந்தையிலும் அவன் அப்படிப் பார்த்ததில்லை.

கோப்பைகளைக் கொண்டுபோனது முபீன். நபீஸா குசினித் திரைக்குப் பின்னால் நின்றாள். கத்தி கோப்பையில் உரசுவது கேட்டது. ஒல்லாந்துக்காரர் வெட்டினார், குனிந்து உள்ளே பார்த்தார், ஒரு துண்டை வாயில் போட்டுச் சப்பினார். சப்பிக்கொண்டே இருந்தார்.

"வெரி குட்," என்றார் அவர். இன்னொரு துண்டு வெட்டினார்.

முபீன் சுவரில் சாய்ந்துவிட்டான். ஹாஜியாரும் தன்னுடையதை முடித்தார். மாட்டிறைச்சி இவ்வளவு கெதியாய் இப்படிப் பதமாய் வரும் என்று நினைக்கவில்லை என்றார். ஒல்லாந்துக்காரர் ஏதோ இங்கிலீசில் நீளமாய்ச் சொன்னார். ஹாஜியார் தலையாட்டிவிட்டு முபீன் பக்கம் திரும்பினார்.

"அவர் கேக்கிறார், இந்தக் கைப்பதம் எங்க பழகின எண்டு. இது படிச்சு வாறதில்ல, ஆரோ நல்ல குசினிக்காரன் காட்டித் தந்திரிக்கோணும் எண்டு சொல்றார்."

நபீஸா திரையின் விளிம்பைப் பிடித்தாள்.

"நானாப் பழகினதுதான் ஹாஜியார்," என்றான் முபீன். "செஞ்சி செஞ்சி கை பழகிப் போட்டுது."

ஹாஜியார் அதை இங்கிலீசில் சொல்லத் தொடங்கினார். இன்னும் ஒரு நிமிசத்தில் முடிந்துவிடும். வாகனம் போய்விடும், ஏப்ரலில் வேலை தொடங்கும், பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கலாம். நபீஸா அப்படியே நின்றிருக்கலாம். அந்நிய ஆண்கள் இருக்கிற இடத்துக்கு அவள் போய்க் கதைத்தவளும் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டாள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஹாஜியார், ஒரு சொல்லு."

முபீன் அவளைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அவனைப் பார்க்காமல் ஹாஜியாரின் கோப்பையைப் பார்த்துக் கதைத்தாள்.

"காரைதீவில சுபாஸ்கரன் எண்டு ஒருத்தர் இரிக்கார். இது அவர்ர பதம். அந்த ஹோட்டல்ல ஸ்டேக் போட்டது அவர்தான். இவர் அவருக்குக் கிட்ட நிண்டு வேலை செஞ்சவர். இண்டைக்கு இறைச்சி போட்டது நான். சுபாஸ்கரன்ட மனிசி பின்னேரம் என்ட கையப் பிடிச்சிச் சொல்லித் தந்தா. அவவுக்குச் சத்தியம் பண்ணிட்டு வந்தன், பேரைச் சொல்றன் எண்டு. இவர் பொய் சொன்னது புள்ளைகளுக்காக. பிழைதான், மன்னிச்சிக்கங்க."

ஹாஜியார் லேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்தார், விரல் விரலாய்த் துடைத்தார்.

"அந்த ஆள் எங்க இப்ப?"

"மூணு வருசமாத் தேடுறாங்க."

ஹாஜியாரின் முகத்தில் என்ன ஓடியது என்று நபீஸாவுக்குப் பிடிபடவில்லை. அவர் ஒல்லாந்துக்காரருக்குச் சொன்னார். சொல்ல அதிக நேரம் எடுத்தது, நடுவில் இரண்டு தரம் நிறுத்தினார். ஹென்ட்றிக் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து, நபீஸாவைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"பேரை எப்பிடி எழுதுற எண்டு கேக்கிறார்," என்றார் ஹாஜியார்.

நபீஸாவுக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது. முபீனைப் பார்த்தாள். அவன் சுவரைவிட்டு விலகி வந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னான். ஒல்லாந்துக்காரர் எழுதினார்.

போகும்போது ஹாஜியார் வாசலில் நின்று, "குசினிக்குள்ள நிக்கிறவன்ட வாயை நம்பேலாட்டி அவன்ட கையை எப்பிடி நம்புற, முபீன்?" என்று மட்டும் கேட்டார். ஸலாம் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

அன்று முபீன் அவளோடு கதைக்கவில்லை. "என்ட வயித்தில அடிச்சிப் போட்டாய்," என்று ஒருமுறை சொன்னான், அதோடு சரி. மிஞ்சிய ஒரு துண்டை நபீஸா சின்னச் சின்னதாய் வெட்டி, மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் விட்டு, பிள்ளைகளுக்கு வழக்கம்போலக் கறியாக்கினாள். விடியப்புறம் எழும்பி இடியப்பம் பிழிந்தபோது கண்ணீர் வந்தது. பிழை செய்துவிட்டோம் என்று வரவில்லை, சரியாகச் செய்தோம் என்றும் வரவில்லை. பயத்தில் வந்தது.

வியாழன் போனது. வெள்ளி ஜும்ஆ போனது. போன் அடிக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாய்த் திரும்பினார்கள், ஒன்றாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் கோல் எடுத்தார். கொழும்பிலிருந்து ஒரு குசினிக்காரர் வருகிறாராம். அவருக்குக் கீழே இரண்டாவது ஆளாக முபீன் வரலாமாம். வெங்காயம் உரிப்பதில் தொடங்கட்டும், இந்த முறை பொய் சொல்லாமல் பழகிக்கொள்ளட்டும் என்றாராம். சம்பளம் முதலில் பேசியதைவிடக் குறைவு.

"போறீங்களா?" என்று கேட்டாள் நபீஸா.

"போறன்," என்றான் முபீன். மூன்று நாளுக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தான். "வெங்காயம் உரிக்கத் தெரியுந்தானே எனக்கு."

அடுத்த நாள் நபீஸா காரைதீவுக்குப் போய்த் தக்சாயினியிடம் நடந்ததைச் சொன்னாள். தக்சாயினி கொலர்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். வெள்ளைக்காரர் பேரை எழுதிக்கொண்டு போனார் என்றதும் கையை நிறுத்தினாள்.

"சரியா எழுதினாரா?"

"முபீன்தான் எழுத்துச் சொன்னார். எனக்குத் தெரியாது தங்கச்சி."

"காணாமப்போனவங்கட பட்டியல் ஒண்டில பாஸ்கரன் எண்டு கிடக்கு. இன்னொண்டில சுபாகரன். போய்க் கேட்டா ஆள் வேற எண்டு திருப்பி அனுப்புறாங்க. ஒரு எழுத்து அக்கா, ஒரு எழுத்துக்காக நான் மட்டக்களப்புக்கு ஆறுதரம் போயிருக்கன்." கோவைக் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து, பெரிய இங்கிலீசு எழுத்தில் அமத்தி எழுதினாள். பிறகு கீழே தமிழிலும் எழுதினாள். "இதை அந்த வெள்ளைக்காரரிட்டக் குடுக்கச் சொல்லுங்க. அவருக்கு இது என்னத்துக்கு உதவுமோ தெரியாது. ஆனா எழுதினா இப்பிடித்தான் எழுதோணும்."

மார்ச் முடிவில் முபீன் பொத்துவில் பஸ்ஸுக்காகச் சந்தியில் நின்றபோது நபீஸா அந்தத் தாளை மடிப்பு விரித்து அவனிடம் கொடுத்தாள். அவன் உதடு அசைய எழுத்தெழுத்தாய் வாசித்தான். பாதியில் நின்றான், திரும்ப முதலில் இருந்து வாசித்தான்.

"ஒரு எழுத்த விட்டுட்டன் புள்ள," என்றான்.

பஸ் வந்து நின்றது. நடத்துனர் அவசரப்படுத்தினார். முபீன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். உள்ளே இருக்க இடமில்லை. படியில் நின்றபடியே, போன உடனே முதல் வேலையாய் அதைத் திருத்துகிறேன் என்று அவளிடம் சொன்னான்.